புறக்கணிப்பும் நீதியும்

குற்றம் கண்டவிடத்துச் சினங்கொள்ளுதல் மனித இயல்பு. அச்சினம் அறத்தின்பாற்பட்டது என்று போற்றப்படுவதும் உண்டு. ஆயினும், சினம் நேர்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. அது சென்று விழும் இடமும் நேர்மையானதாக இருத்தல் வேண்டும். வில்லாளன் ஒருவன் பகைவனைக் குறிவைத்து எய்த அம்பு, வழியே சென்ற ஏழை ஒருவன் மீது பாயுமாயின், 'எய்தவன் நோக்கம் நல்லதே' என்று கூறி நாம் அமைந்துவிட முடியுமோ?

இக்காலத்தில் பொதுமக்கள் கையில் உள்ள அம்புகளுள் ஒன்று புறக்கணிப்பு. ஒரு நிறுவனம் தவறு செய்தது என்று அறிந்தால், 'அதன் பொருளை வாங்கோம். அதன் கடைவாயிலை மிதியோம்' என்று மக்கள் உறுதி பூணுகின்றனர். இதில் வாள் இல்லை, குருதி இல்லை, வழக்குமன்றத்தின் படியேற வேண்டுவதும் இல்லை. ஆனால், இதுவும் ஒருவகைத் தண்டனையே. தண்டனை என்று ஆகிவிட்டால், அது நீதியின் அளவுகோலுக்கு உட்பட்டதே ஆகும்.

கடலையும் கரையையும் பாழாக்கிய ஒரு நிறுவனத்தை மக்கள் புறக்கணித்தல் நேர்மையா, அன்றா? இவ்வினாவை இப்பாடத்தில் ஆராய்வோம். வெறுங் கற்பனையாக ஆராய்வதினும், உண்மையில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்தல் தெளிவு தரும். ஆதலின், 2010ஆம் ஆண்டில் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த பெருந்துயரை எடுத்துக்கொள்வோம்.

சொல் பிறந்த கதை

புறக்கணிப்பு என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்னும் சொல், ஒரு மனிதருடைய பெயரிலிருந்து பிறந்தது. 1880ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் மேயோ மாவட்டத்தில், சார்லஸ் பாய்காட் என்பவர் ஒரு நிலப்பிரபுவின் முகவராக இருந்தார். விளைச்சல் குன்றியிருந்த அக்காலத்தில் குத்தகையைக் குறைக்குமாறு உழவர்கள் வேண்டினர். அவரோ, அவர்களை நிலத்தினின்று வெளியேற்ற முற்பட்டார். உழவர்கள் அவரை அடிக்கவில்லை; அவர் வீட்டைக் கொளுத்தவும் இல்லை. அவரோடு கொண்ட தொடர்பை அறவே விட்டொழித்தனர். வயலில் வேலை செய்ய ஆள் இல்லை; கடைக்காரர் பண்டம் விற்கவில்லை; வீட்டுப் பணியாளரும் விலகினர். ஏறத்தாழ 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலை அறுவடை செய்வதற்கு, வெளியூர் ஆட்களும் காவற்படையும் வரவழைக்கப்பட்டு, 10,000 பவுன் வரை செலவாயிற்று என்பர். அவ்வாண்டின் இறுதிக்குள் பாய்காட் அவ்வூரை விட்டே அகன்றார். அவர் பெயர் மட்டும் உலக மொழிகளில் நிலைத்துவிட்டது.

நம் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் அந்நியத் துணியைப் புறக்கணித்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தார் அதனைப் 'பகிஷ்காரம்' என்று வழங்கினர். அங்கே மறுப்பு மட்டும் இருந்ததில்லை. மறுத்த துணிக்கு ஈடாகக் கதர் என்னும் மாற்றும் இருந்தது. அயர்லாந்து உழவருக்கோ, தவறு செய்தவர் எதிரிலேயே நின்றார். அவர்தம் மறுப்பு நேரே அவர்மீதே தைத்தது. குறியும் மாற்றும் தெளிவாக இருந்தமையால் இவ்விரு போராட்டங்களும் வலிமை பெற்றன. இக்குறிப்பை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கடலில் மூண்ட தீ

அமெரிக்க ஐக்கிய நாட்டின் லூசியானா மாநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீட்டர் தொலைவில், 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளையிடு மேடை கடலில் மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கடலின் ஆழம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த ஆழத்திற்கும் கீழே, நில அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு 'மக்காண்டோ' என்னும் எண்ணெய்க் கிணறு இறங்கியிருந்தது. கிணற்றின் பெரும்பங்கு உரிமை பி.பி. என்னும் பிரித்தானிய எண்ணெய் நிறுவனத்திற்கு இருந்தது. மேடை, டிரான்ஸ்ஓஷன் என்னும் மற்றொரு நிறுவனத்தின் உடைமை. கிணற்றின் அடியைச் சிமெண்டுக் கலவையால் அடைக்கும் பணியை ஹாலிபர்ட்டன் என்னும் மூன்றாம் நிறுவனம் ஏற்றிருந்தது.

துளையிடும் வேலை, குறித்த காலத்தைக் கடந்து பல வாரங்கள் நீண்டுவிட்டது. மேடையின் ஒவ்வொரு நாள் வாடகையும் பெருந்தொகை. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், கிணற்றைத் தற்காலிகமாக மூடிவைத்து மேடையை அகற்றுவதற்கான ஏற்பாடுகள் நடந்தன. கிணறு நன்கு அடைபட்டதா என்று அறிவதற்கு அழுத்தச் சோதனை ஒன்று செய்யப்பட்டது. சோதனையில் கண்ட அளவுகள், 'அடைப்பு உறுதியாக இல்லை' என்று உணர்த்தின. அங்கிருந்தோர் அவற்றைத் தவறாகப் பொருள் கொண்டு, வேலையைத் தொடர்ந்தனர். அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன்னர், அடியிலிருந்து சீறி எழுந்த எரிவாயு மேடையில் பரவித் தீப்பற்றி வெடித்தது. கிணற்று வாயை இறுக மூடவேண்டிய காப்புப் பொறியும் அந்நேரத்தில் பயன்படவில்லை. மேடையில் இருந்த 126 பேருள் 11 பேர் மாண்டனர். இரண்டு நாட்கள் எரிந்த பின்னர் மேடை கடலில் மூழ்கியது.

அதன் பின்னர்த் தொடங்கியது நெடுந்துயர். கடலடியில் பிளந்த கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. ஜூலை 15ஆம் நாள்தான் அது அடைபட்டது. கடலிற் கலந்த எண்ணெய் 31 இலட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் என்று வழக்குமன்றம் பின்னர் முடிவு செய்தது. இஃது ஏறத்தாழ 50 கோடி லிட்டர். அரசின் கணக்கோ இதனினும் மிகுதி. லூசியானா முதல் புளோரிடா வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரைப்பகுதியில் எண்ணெய் படிந்தது. லூசியானாவின் மாநிலப் பறவையாகிய பழுப்பு நிறக் கூழைக்கடா, சிறகு முழுதும் எண்ணெய் தோய்ந்து எழமாட்டாது கரையில் நின்ற காட்சியை உலகம் கண்டது.

வளைகுடாவில் நடுவண் அரசின் ஆட்சிக்கு உட்பட்ட கடற்பரப்பில், மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மீன்பிடித்தல் ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டது. இறாலும் சிப்பியும் நண்டும் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் வேலையின்றித் திகைத்தன. எண்ணெய் கழிமுகத்தினுள் புகாதவாறு தள்ளுவதற்காக மிசிசிப்பி ஆற்றின் நன்னீரைத் திறந்துவிட்டனர். உப்பு நீரில் வாழும் சிப்பிகள் அந்நன்னீரைத் தாங்காமல் பல படுகைகளில் அழிந்தன. நோயும் கொன்றது, மருந்தும் கொன்றது என்பது இதுவன்றோ?

மக்கள் மூட்டிய மறுப்பு

செய்தி பரவியதும் மக்கள் உள்ளம் கொதித்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த மலர்போன்ற சின்னம் தாங்கிய பி.பி. பெட்ரோல் நிலையங்களின் முன்னர்ப் பலர் பதாகை ஏந்தி நின்றனர். 'இங்கே எண்ணெய் போடாதீர்' என்று வண்டியோட்டிகளை வேண்டினர். இலட்சக்கணக்கானோர் இப்புறக்கணிப்பில் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டனர். அந்நிறுவனம் முந்திய பல ஆண்டுகளாகத் தன்னை இயற்கையின் நண்பன் என்று விளம்பரம் செய்துவந்தமையால், மக்களின் கசப்பு மேலும் மிகுந்தது.

அப்போதே ஒரு கேள்வியும் எழுந்தது. 'இது நேர்மைதானா?' என்று சிலர் வினவினர். இரு சாராரும் கூறியவற்றை, நடுநிலை பிறழாது கேட்போம்.

'புறக்கணித்தல் நேர்மையே' என்போர் கூற்று

முதலாவதாக, வாங்குதல் ஒருவன் உரிமை. என் கைப்பொருளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவன் நானே. எந்த வணிகனுக்கும் என் காசின்மீது பிறப்புரிமை இல்லை. ஆதலின் வாங்க மறுத்தல் எவர்க்கும் இழைத்த அநீதி ஆகாது.

இரண்டாவதாக, நிறுவனத்திற்கு உடல் இல்லை. அதனைச் சிறையில் இட இயலாது. வருவாய் ஒன்றே அதன் உயிர்நிலை. வருவாய் குன்றினால்தான் அதற்கு வலி தோன்றும். பி.பி. நிறுவனம் 11 உயிர்களின் சாவுக்குத் தான் பொறுப்பு என்று 2012ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஆயினும், அச்சாவுகளுக்காக ஒருவரும் சிறை புகவில்லை.

மூன்றாவதாக, வழக்குமன்றம் மெல்ல நடப்பது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், 'எக்சான் வால்டீஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பாறையொன்றில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டியது. அதனால் நலிந்த மீனவர் முதலியோருக்குத் தண்டத் தொகையாக 500 கோடி டாலர் வழங்குமாறு 1994ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தொகையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், தீர்ப்பைக் காணாமலே கண்மூடியவர் எத்தனையோ பேர். நீதி நடந்து வருவதற்குள் நலிந்தவர் மடிந்துவிடுவராயின், மக்கள் தாமே முன்வந்து தம் வெறுப்பைக் காட்டுதல் தவறோ?

நான்காவதாக, ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலே. தவறு செய்தவனிடம் நேற்றுப்போலவே இன்றும் சென்று பொருள் வாங்கினால், 'உன் தவறு எனக்குப் பொருட்டன்று' என்று சொன்னதாக ஆகும். நாளை பிறிதொரு நிறுவனம் காப்புச் செலவைக் குறைக்க எண்ணும்போது, மக்கள் சினம் அதன் நினைவுக்கு வருதல் வேண்டும்.

'புறக்கணித்தல் நேர்மையன்று' என்போர் கூற்று

இனி மறுதரப்பைக் கேட்போம்.

பெட்ரோல் நிலையத்தின் பலகையில் எழுதியிருப்பது பெருநிறுவனத்தின் பெயர். ஆனால், நிலையத்தின் உடைமையாளர் யார்? அமெரிக்காவில் பி.பி. பெயர் தாங்கிய நிலையங்களுள் பெரும்பாலானவை உள்ளூர் வணிகருக்கே உரியவை. அவர்கள் கடன் வாங்கி நிலையம் அமைத்தவர்கள். பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து அப்பெயரைப் பெற்றவர்கள். பெட்ரோலில் அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது. நிலையத்தை ஒட்டிய சிறு கடையில் விற்கும் தின்பண்டங்களாலும் குடிநீர் வகைகளாலும் பிழைப்பு நடத்துவோரே மிகுதி. கிணற்றில் சிமெண்டுக் கலவை இறங்கியபோது அவர்கள் அங்கு இல்லை. அழுத்தச் சோதனையை அவர்கள் கண்டதும் இல்லை. கடலில் நடந்த குற்றத்திற்குக் கடைத்தெருவில் நிற்பவன் தண்டம் செலுத்துவதா?

மேலும், எண்ணெய் என்பது துணிபோன்ற பண்டமன்று. பல நிறுவனங்களின் ஆலைகளில் வடித்த பெட்ரோல், பொதுவான குழாய்களின் வழியே ஓடிப் பொதுவான தொட்டிகளில் கலந்து நிற்கிறது. வண்டியில் ஏற்றுங்காலத்தில் சேர்க்கப்படும் சிறிதளவு கலவைப் பொருளே ஒரு பெயரை மற்றொரு பெயரிலிருந்து பிரிக்கிறது. ஆகவே, பி.பி. நிலையத்தை விட்டு எதிர்ச்சாரியில் உள்ள நிலையத்திற்குச் செல்பவர், பி.பி. ஆலையில் வடித்த பெட்ரோலையே அங்கும் வாங்கக்கூடும். நிறுவனமோ, தன் பெயரில் விற்க இயலாத எண்ணெயைப் பிறருக்கு மொத்தமாக விற்றுவிடலாம். அம்பு குறியைத் தப்பிற்று. இடையில் நின்றவனைத் தைத்தது.

இன்னுமொன்று. இவ்வழக்கை ஆராய்ந்த நடுவண் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் முடிவைக் கூறியது. பி.பி. பெருங்கவனக்குறைவு இழைத்தது என்றும், குற்றத்தில் அதன் பங்கு நூற்றுக்கு 67, டிரான்ஸ்ஓஷன் பங்கு 30, ஹாலிபர்ட்டன் பங்கு 3 என்றும் அது வரையறுத்தது. இம்மூவருள் தெருவில் பலகை மாட்டிக் கடை நடத்தியது ஒரே நிறுவனம். மற்ற இரண்டையும் புறக்கணிக்கப் பொதுமக்களுக்கு வழியே இல்லை. ஏனெனில், அவை பொதுமக்களுக்கு எதனையும் விற்பதில்லை. குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனை அமையாமல், பெயர்ப்பலகை இருக்குமிடத்திற்கேற்ப அமைவது எவ்வாறு நீதியாகும்?

இவர்கள் கூறும் மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. அவ்வாண்டில் இரண்டு புறக்கணிப்புகள் நடந்தன. ஒன்று அறிந்து செய்தது; மற்றொன்று அறியாமற் செய்தது. எண்ணெய் கலந்த கடல் என்று அஞ்சி, வளைகுடா மீனையும் இறாலையும் பலர் வாங்காது விட்டனர். தடை நீங்கிய பகுதிகளிலிருந்து வந்த மீன், சோதனையில் தூயது என்று தேறிய பின்னரும் அந்த ஐயம் எளிதில் அகலவில்லை. முதலில் எண்ணெயால் கடலை இழந்த மீனவர், பின்னர் ஐயத்தால் சந்தையை இழந்தனர். துயர் உற்றவர் யார், துயர் செய்தவர் யார் என்று பாராது விலகிச் செல்லும் கூட்டத்தின் கால், இருவரையும் ஒருங்கே மிதித்துவிடுகிறது.

பொறுப்பின் பங்கு

இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இரண்டிலும் குறையும் உண்டு.

'நிலையத்தார் முற்றிலும் குற்றமற்றவர். அவரைத் தொடலாகாது' என்பதில் ஒரு சிறு மறைவு உள்ளது. பெருநிறுவனத்தின் நற்பெயரால் வணிகம் பெருகியபோது, அந்நலத்தில் அவரும் பங்கு கொண்டார். பெயரால் வரும் நன்மையை ஏற்பவன், பெயரால் வரும் தீமையையும் ஓரளவு ஏற்கத்தான் வேண்டும். மேலும், நிலையத்தாரின் துன்பம் மேலே ஏறிச் செல்லாமலும் இருக்கவில்லை. விற்பனை குறைந்த முகவர்கள் முறையிட்டமையால், பி.பி. நிறுவனம் அவர்களுக்குச் சில சலுகைகளை அளிக்க நேர்ந்தது. துயர் நேர்ந்ததை அடுத்த மாதத்தில் பி.பி. நிலையங்களின் விற்பனை நூற்றுக்கு நான்கு அளவில் குறைந்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர்க் கணித்தனர். இது சிறிய அளவுதான். ஆனால், இல்லை என்று சொல்லத்தக்கது அன்று.

அதுபோலவே, 'வாங்காமை என் உரிமை. அதனால் அது நேர்மையே' என்பதிலும் ஒரு குறை உள்ளது. உரிமை வேறு, நேர்மை வேறு. ஒரு செயலைச் செய்ய எனக்கு உரிமை உண்டு என்பதனாலேயே அது தக்க செயல் ஆகிவிடாது. தனி மனிதன் ஒருவன் கடை மாறுதல் அவன் விருப்பம். ஆயிரம் பேரைத் திரட்டி ஒருவனுடைய வாயிலில் நிறுத்துதல் தண்டனை. தண்டிப்பவன் எவனாயினும், அவன் நீதிபதியின் கடமையை மேற்கொண்டவன் ஆகிறான். 'எனக்கு உரிமை உண்டு' என்று மட்டும் கூறி ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினால் அதனை நாம் ஏற்போமா?

எண்ணெயை நாள்தோறும் எரிக்கும் நாமும் இக்கணக்கில் இல்லாமல் இல்லை. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஆழத்திற்குக் கீழே மனிதர் துளையிடச் சென்றது விளையாட்டுக்கன்று. கரையருகே எளிதில் கிடைத்த எண்ணெய் போதாமற் போயிற்று. உலகம் மேலும் கேட்டது. ஒரு நிலையத்தை விட்டு மற்றொரு நிலையத்தில் அதே அளவு பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, 'என் கடமை முடிந்தது' என்று ஒருவன் நினைப்பானாயின், அவன் சினத்தை மட்டுமே மாற்றினான்; வழக்கத்தை மாற்றவில்லை.

வடகடல் தந்த பாடம்

புறக்கணிப்பின் வலிமையையும் அதன் இடரையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1995ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நடந்தது. ஷெல் நிறுவனம், 'பிரெண்ட் ஸ்பார்' என்னும் பழைய எண்ணெய்த் தேக்க மிதவையை அட்லாண்டிக் ஆழ்கடலில் மூழ்கடித்துவிடத் திட்டமிட்டது. பிரித்தானிய அரசும் அதற்கு இசைவு தந்திருந்தது. கிரீன்பீஸ் என்னும் இயக்கத்தார் மிதவையின்மீது ஏறி அதனைக் கைக்கொண்டனர். ஜெர்மனியில் மக்கள் ஷெல் நிலையங்களைப் புறக்கணித்தனர். விற்பனை பெரிதும் வீழ்ந்தது. ஜூன் 20ஆம் நாள் அந்நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது. மிதவையின் பகுதிகள் பின்னர் நார்வே நாட்டில் துறைமுக மேடை ஒன்றின் அடித்தளமாகப் பயன்பட்டன. எண்ணெய் மேடைகளைக் கடலில் எறிதலாகாது என்று வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் 1998ஆம் ஆண்டில் முடிவு செய்தன. புறக்கணிப்பு வென்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால், கதை அங்கு முடியவில்லை. மிதவையினுள் 5,500 டன் எண்ணெய் எஞ்சியிருப்பதாகப் போராட்டக் காலத்தில் கூறப்பட்டது. பின்னர் நடுநிலையாளர் ஆராய்ந்தபோது இருந்தது மிகச் சிறிதளவே என்று தெரிந்தது. அளவெடுக்கையில் தவறு நேர்ந்தது என்று கிரீன்பீஸ் இயக்கமே அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதற்குள் ஜெர்மனியில் சில நிலையங்கள் தாக்கப்பட்டிருந்தன. தீ வைத்தோரும் இருந்தனர். நோக்கம் நல்லது, முடிவும் நல்லது எனலாம். ஆயினும், இடையில் பரவிய எண் பிழையானது. அப்பிழையை நம்பிக் கொதித்தோர் பலர். தீயைக் கண்டு நடுங்கியவர் சம்பளத்திற்கு உழைத்த பணியாளர். பிழையை ஒப்புக்கொண்ட நேர்மையைப் போற்றலாம். அப்பிழை நேராதிருந்தால் இன்னும் போற்றலாம்.

நிலைத்த மாற்றம் எது?

எக்சான் வால்டீஸ் கப்பலால் நேர்ந்த கேட்டுக்குப் பின்னரும், சினமுற்ற மக்கள் பலர் அந்நிறுவனத்தின் கடன் அட்டைகளை வெட்டித் திருப்பி அனுப்பினர். நாட்கள் செல்லச் செல்ல அச்சினம் தணிந்தது. நிலைத்து நின்றது எது? 1990ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய எண்ணெய் மாசுச் சட்டமே. அச்சட்டம் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை உடற்கூடு வேண்டும் என்று விதித்தது; கேடு செய்தவனே தூய்மைச் செலவை ஏற்கவேண்டும் என்பதை உறுதி செய்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், அதே சட்டம் பி.பி. நிறுவனத்தைப் பொறுப்பேற்கச் செய்ய உதவியது. 2010ஆம் ஆண்டு ஜூனிலேயே, இழப்பீடு வழங்க 2,000 கோடி டாலர் ஒதுக்க அந்நிறுவனம் இசைந்தது. 2015ஆம் ஆண்டில் நடுவண் அரசோடும் வளைகுடா மாநிலங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2,080 கோடி டாலர் செலுத்த ஒப்பியது. எல்லாம் கூட்டினால் அந்நிறுவனத்திற்கு நேர்ந்த செலவு 6,500 கோடி டாலருக்கு மேற்பட்டது. பெட்ரோல் நிலையத்தின் வாயிலில் குறைந்த விற்பனையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. கடையில் எழுந்த மறுப்பு கொசுக்கடி. சட்டம் இட்ட தண்டம் வாள்வெட்டு.

ஆயின், புறக்கணிப்பால் பயனே இல்லையா? அவ்வாறு கூறுதலும் பொருந்தாது. சட்டம் தானே பிறப்பதில்லை. மக்கள் உள்ளம் கொதிக்காத இடத்தில் சட்டமன்றம் விரைவதில்லை. எண்ணெய் படிந்த பறவையைக் கண்டு ஒருவரும் வாய் திறவாதிருந்தால், அரசும் நிறுவனமும் அத்துணை விரைவில் உடன்பட்டிருக்குமா? புறக்கணிப்பு, சட்டத்தின் இடத்தை நிரப்புவது அன்று. சட்டத்தைத் துயிலெழுப்பும் மணி ஒலி. மணியே உணவாகாது, ஆனால், மணி ஒலியாத வீட்டில் பசித்தவன் வாயிலில் நிற்பது எவருக்கும் தெரியாது.

நால்வகை வினா

இதுகாறும் கண்டவற்றால் ஒரு முடிவுக்கு வரலாம். புறக்கணித்தல் இயல்பாகவே நேர்மையானதும் அன்று, நேர்மையற்றதும் அன்று. செய்யும் முறையே அதற்கு நிறம் தருகிறது. ஆதலின், புறக்கணிப்பில் இறங்குமுன் ஒருவன் தன்னைத்தானே நான்கு வினாக்கள் வினவிக்கொள்ளல் வேண்டும்.

குற்றம் தெளிவாகத் தெரிந்ததா? கேள்விப்பட்டதை எல்லாம் உண்மை என்று கொள்ளாது, ஆராய்ந்து அறிந்ததா என்று பார்த்தல் வேண்டும். பிரெண்ட் ஸ்பார் இதற்குச் சான்று.

என் மறுப்பு யாரைச் சென்று தாக்கும்? செய்தவனையா, அவன் பெயரைச் சுமந்தவனையா, அன்றிப் பாதிக்கப்பட்டவனையேயா? சிறு வணிகரும் பணியாளரும் இடையில் நின்றால், அவரை இழித்துரையாமலும் அச்சுறுத்தாமலும் இருத்தல் முதற்கடமை.

நான் வேண்டுவது யாது? இழப்பீடு தருதலா, காப்பு முறையைத் திருத்துதலா, உண்மையை வெளியிடுதலா? வேண்டுவது இன்னது என்று சொல்லாத புறக்கணிப்புக்கு முடிவே இல்லை. முடிவில்லாத தண்டனை பகையாகும். நிறுவனம் திருந்திய பின்னரும் தொடரும் புறக்கணிப்பு, 'திருந்தியும் பயனில்லை' என்று மற்ற நிறுவனங்களுக்குக் கற்பித்துவிடும்.

நான் என் பங்கைச் செய்தேனா? கடை மாறுவதோடு நில்லாமல், பயன்படுத்தும் அளவைக் குறைத்தேனா? சட்டம் திருந்தக் குரல் கொடுத்தேனா? நலிந்தவருக்குத் துணை நின்றேனா? வளைகுடா மீனவரின் தூய மீனை அஞ்சாது வாங்கிய ஒருவன், பி.பி. நிலையத்தின்முன் பதாகை ஏந்திய பலரினும் அவருக்கு மிகுதியாக உதவினான் என்று கூறலாம் அன்றோ?

இந்நான்கு வினாக்களுக்கும் நேர்மையான விடை உடையவன் புறக்கணிப்பானாயின், அவன் செயல் அறத்தின்பாற்படும். விடையின்றி இறங்குபவன் செயல், சினத்தின் வடிகால் மட்டுமே ஆகும்.

முடிவுரை

2010ஆம் ஆண்டில் மேடையில் மாண்ட 11 பேரும் உழைப்பாளிகள். கடலை இழந்த மீனவரும் உழைப்பாளிகள். விற்பனை குறைந்து வருந்திய நிலையத்தாரும் உழைப்பாளிகள். ஒரு கவனக்குறைவு இத்தனை பேர் வாழ்விலும் புகுந்து இருள் செய்தது. அவ்விருளை நீக்கவே நாம் விளக்கேற்ற வேண்டும். அவ்விளக்கின் தீ மற்றொருவன் கூரையைப் பற்றிவிடாதபடி காப்பதும் நம் கடமையே.

வாங்கும் கைக்கும் வலிமை உண்டு. வாங்க மறுக்கும் கைக்கும் வலிமை உண்டு. அவ்வலிமையை உணர்ந்தவன் குடிமகன். அதனை அளந்து பயன்படுத்துபவன் நல்ல குடிமகன். நீங்கள் வளர்ந்து கைப்பொருள் ஈட்டும் நாளில், இவ்விரண்டாம் நிலையை எய்துதல் வேண்டும்.

பயிற்சி

1. 'பாய்காட்' என்னும் சொல் தோன்றிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில் தீ மூண்டதற்குரிய காரணங்கள் யாவை?
3. பெட்ரோல் நிலைய உடைமையாளர் குற்றமற்றவர் என்னும் கூற்றுக்கு ஆசிரியர் கூறும் உடன்பாடும் மறுப்பும் யாவை?
4. பிரெண்ட் ஸ்பார் நிகழ்ச்சியினின்று நாம் அறியும் இரு படிப்பினைகளை விளக்குக.
5. 'உரிமை வேறு, நேர்மை வேறு' என்னும் தொடரை உங்கள் வாழ்க்கையிற் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குக.
6. 'புறக்கணித்தல் நேர்மையே', 'புறக்கணித்தல் நேர்மையன்று' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நடத்துக.